மரித்தோரின் பிழையும் நம் நாவும்

போர்க்களத்தில் வீழ்ந்த வீரனை நினைவுகூர்வது ஒரு வகையில் எளிது. அவனைக் கொன்றவன் பகைவன்; பழி முழுவதும் எல்லைக்கு அப்பால் போய்விடுகிறது; இப்பால் எஞ்சுவன பெருமையும் கண்ணீருமே. அமைதிக் காலத்தில், பயிற்சியின்போதோ அன்றாடப் பணியின்போதோ விமானம் வீழ்ந்து உயிர்துறக்கும் படைவீரரின் நிலை வேறு. அங்கே குற்றஞ்சாட்டப் பகைவன் எவனும் இல்லை. ‘ஏன் வீழ்ந்தது?’ என்ற வினா எழுந்தவுடன் அது விமானத்தைச் செய்தவரை நோக்கும், பழுதுபார்த்தவரை நோக்கும், கட்டளையிட்டவரை நோக்கும், இறுதியில், விடைசொல்ல வாயற்றுப்போன அந்த விமானியையே நோக்கும். அடக்கச் சடங்கு நடைபெறுமுன்னரே விசாரணை தொடங்கிவிடும். ஒரே மனிதரைப் பற்றி இரங்கலுரையும் விசாரணை அறிக்கையும் ஒருங்கே எழுதவேண்டிய நெருக்கடி அங்கே தோன்றுகிறது.

இந்நெருக்கடியில் அறம் எது? மரித்தவரின் பிழையை வெளியிடுவது உண்மைக்கு நாம் செலுத்தும் கடனா? அல்லது மறுத்துப் பேச இயலாதவருக்கு இழைக்கும் அநீதியா? இவ்வினாவை வெறுங் கருத்தளவில் ஆராய்வதினும், மெய்யாக வாழ்ந்து மறைந்த ஒருவரை முன்வைத்து ஆராய்வது நன்று. ஆகவே அமெரிக்கக் கடற்படையில் விமானியாய் இருந்து 1994 ஆம் ஆண்டில் உயிர்நீத்த காரா ஹல்ட்கிரீன் என்னும் பெண்மணியின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம்.

அவர் 1965 அக்டோபர் 5 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச் நகரில் பிறந்தவர். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் விண்வெளிப் பொறியியல் பயின்றார். 1987 இல் கடற்படை அதிகாரியானார். பெண்கள் போர் விமானங்களில் பணியாற்றுவது அந்நாளில் அங்கே தடைசெய்யப்பட்டிருந்தது. எனவே ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் தளத்தில், படைப் பயிற்சிகளில் எதிரியைப் போல் பாவனை செய்து மின்னணுக் கருவிகளைக் குழப்பும் விமானங்களை அவர் ஓட்டிவந்தார். ஏறத்தாழ ஆறடி உயரமும் உடல்வலிமையும் உடையவராதலால் தோழர்கள் அவருக்கு முதலில் ‘ஹல்க்’ என்று பெயரிட்டிருந்தனர். தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றுக்கு முகப்பூச்சு அணிந்து தோன்றிய பின் ‘ரெவ்லான்’ என்று மாற்றிவிட்டனர். கேலி எங்கிருந்து எப்படி முளைக்கும் என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு. அவர் அப்பெயரை முகம்சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார்.

1993 ஏப்ரல் மாதத்தில் பாதுகாப்புச் செயலர் லெஸ் ஆஸ்பின் அத்தடையை நீக்கினார். கதவு திறந்ததும் முதலில் நுழைந்தோருள் ஹல்ட்கிரீன் ஒருவர். எஃப்-14 டாம்கேட் என்னும் போர் விமானத்தைக் கப்பலில் இறக்கும் தேர்வில் முதன்முறை அவர் தேறவில்லை. இரண்டாம் முறை தேறினார். 1994 கோடையில் பயிற்சியை முடித்து, அவ்விமானத்தைக் கடற்படையில் ஓட்டத் தகுதிபெற்ற முதல் பெண் என்ற சிறப்புடன் தம் படைப்பிரிவிற்குச் சென்றார். அப்போது அவருக்கு 1,000 மணிநேரத்திற்கும் மேற்பட்ட பறத்தல் அனுபவம் இருந்தது. பெண் என்பதற்காகத் தமக்குத் தகுதியில் சலுகை காட்டப்படுவதை அவர் விரும்பவில்லை. தரத்தைத் தாழ்த்தித் தம்மை மேலே அனுப்பினால் பணயமாவது தம் உயிரே என்ற பொருள்பட அவர் பேசியதைச் செய்தித்தாள்கள் பின்னர் நினைவுகூர்ந்தன. வாசகர் இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குவது என்னவென்று தரையில் நிற்கும் நமக்கு எளிதில் விளங்காது. 20 டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள எஃப்-14, கப்பலின் தளத்தின் குறுக்கே கட்டப்பட்டிருக்கும் எஃகு வடங்களுள் ஒன்றைத் தன் வால்புறக் கொக்கியால் பற்றி நிற்கவேண்டும். தளத்தைத் தொடும் அக்கணத்தில் விமானி வேகத்தைக் குறைப்பதில்லை. இயந்திரங்களை முழு ஆற்றலுக்கு ஏற்றுகிறார். கொக்கி வடத்தைத் தவறவிட்டால் மறுபடி மேலெழும்பியாக வேண்டுமல்லவா? இறங்குதளமோ கப்பலின் போக்கிற்குச் சற்று இடப்புறமாகச் சாய்ந்து அமைந்தது. கப்பல் முன்செல்லச் செல்ல, விமானி குறிவைத்து வரும் நடுக்கோடு வலப்புறமாய் நழுவிக்கொண்டேயிருக்கும். அலை அத்தளத்தை ஏற்றி இறக்கும். தளத்தின் ஓரத்தில் நிற்கும் அனுபவமிக்க விமானிகள் குரல் கொடுத்து வழிகாட்டுவர். இவையனைத்தும் சில நொடிகளுள் முடிந்துவிடும்.

1994 அக்டோபர் 25 அன்று சான் டியேகோ கரைக்கு அப்பால் பசிபிக் பெருங்கடலில் ஏப்ரகாம் லிங்கன் என்னும் கப்பல் சென்றுகொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் ஹல்ட்கிரீன் அதில் இறங்க வந்தார். கடைசித் திருப்பத்தில் விமானம் நடுக்கோட்டைத் தாண்டிச் சென்றுவிட்டது. அதைச் சரிசெய்ய அவர் சுக்கானை இடப்புறம் செலுத்தினார். மூக்கு இடப்பக்கம் திரும்பவே, இடது இயந்திரத்துக்குள் புகும் காற்றோட்டம் குலைந்து, அவ்வியந்திரம் ஆற்றல் இழந்தது. இறங்காமல் மேலெழும்படி கப்பலிலிருந்து குரல் வந்தது. வலது இயந்திரம் மட்டும் முழு விசையோடு உந்த, விமானம் இடப்புறமாகச் சாய்ந்து உருளத் தொடங்கியது. பின்னிருக்கையில் இருந்த அதிகாரி, இருவரையும் வெளியே வீசியெறியும் அமைப்பை இயக்கினார். முன்னிருக்கையின் ராக்கெட் நெருப்பு பின்னிருப்பவரைச் சுட்டுவிடாதிருக்கும் பொருட்டு, பின்னிருக்கை முதலிலும் முன்னிருக்கை அடுத்தும் வெளியேறும் வண்ணம் அது அமைக்கப்பட்டுள்ளது. இரண்டுக்கும் இடையே ஒரு நொடியில் பாதி நேரமும் இல்லை. ஆனால் அதற்குள் விமானம் பாதிக்கு மேல் கவிழ்ந்துவிட்டது. முதலில் சென்றவர் வானை நோக்கிச் சென்று பிழைத்தார். அடுத்துச் சென்ற ஹல்ட்கிரீன் கடலை நோக்கி எறியப்பட்டார். அவருக்கு வயது 29.

ஒரு கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்திலிருந்து அவருடைய உடலை நவம்பர் மாதத்தில் மீட்டெடுத்தனர். இருக்கையின் வார்கள் அவிழாமலேயே இருந்தன. விமானமும் வெளிக்கொணரப்பட்டது. நவம்பர் 21 அன்று ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அடக்கத்திற்கு முன்னரே நாவுகள் எழுந்துவிட்டன. தகுதியற்ற ஒருவரை அரசியல் காரணங்களுக்காக அவசர அவசரமாகத் தேற்றி அனுப்பிவிட்டனர் என்று பெயரிடாத கடிதங்களும் தொலைநகல்களும் தொலைபேசிச் செய்திகளும் பத்திரிகை அலுவலகங்களுக்குப் போயின. கப்பலின் காமிரா பதிவுசெய்திருந்த அந்தச் சில நொடிகள் தொலைக்காட்சியில் காட்டப்பட்டன. பெண்கள் போர் விமானம் ஓட்டுவதை எதிர்த்தவர்களுக்கு அம்மரணம் ஒரு சான்றாயிற்று. ஆதரித்தவர்களுக்கு அவர் களங்கமற்ற முன்னோடியாய் இருந்தாக வேண்டியிருந்தது. இரு சாராரும் தங்கள் வழக்கிற்கு அவரைச் சாட்சியாக்கினர். ஆனால் குறுக்கு விசாரணைக்கு அந்தச் சாட்சி வர இயலாது.

1995 பிப்ரவரியில் கடற்படை தன் சட்டப்பிரிவின் விசாரணை முடிவை வெளியிட்டது. இயந்திரம் ஆற்றல் இழந்ததே காரணம் என்று அது கூறிற்று. சிமுலேட்டர் எனப்படும் பாவனைப் பறத்தல் கருவியில் அதே நிலையை எதிர்கொண்ட ஒன்பது விமானிகளுள் எட்டுப்பேர் தப்ப இயலவில்லை என்றும் அறிவிக்கப்பட்டது. சில வாரங்களில் மற்றோர் அறிக்கை கசிந்தது. அது பாதுகாப்புத் துறையினர் தங்களுக்குள்ளே நடத்திய விபத்து ஆய்வு. இயந்திரக் கோளாற்றோடு, நடுக்கோட்டைத் தாண்டியது, திருத்த முயன்ற முறை, ஓர் இயந்திரம் மட்டும் இயங்குகையில் கையாளவேண்டிய வழிமுறையிலிருந்து வழுவியது முதலிய விமானியின் பிழைகளும் அதில் எழுதப்பட்டிருந்தன. ஒன்று மறைக்கிறது என்றனர் ஒருசாரார். மற்றது தூற்றுகிறது என்றனர் மறுசாரார்.

உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. இயந்திரம் நின்றதும் உண்மை. அதனை நிற்கவைத்த திருத்தம் விமானியின் கையால் நேர்ந்ததும் உண்மை. இன்னும் சற்றுப் பின்னோக்கிச் சென்றால் மூன்றாவது உண்மை ஒன்றும் தென்படும். எஃப்-14 விமானத்தின் முதல் வகையில் பொருத்தப்பட்ட டி.எஃப்-30 என்ற இயந்திரம், காற்றோட்டம் சற்றே குலைந்தாலும் தடுமாறும் இயல்புடையது என்பது பல்லாண்டுகளாகத் தெரிந்த செய்தி. 1980களில் கடற்படைச் செயலராக இருந்த ஜான் லேமனே இவ்விமானத்திற்கு இவ்வியந்திரம் பொருந்தாது என்று வெளிப்படையாகக் குறைகூறியிருந்தார். பிந்தைய வகைகளில் வேறு இயந்திரம் பொருத்தப்பட்டது. ஆனால் ஹல்ட்கிரீனுக்குக் கிடைத்தது பழைய வகை. மன்னிக்காத இயந்திரத்தைத் தெரிந்தே விமானிகளின் கையில் விட்டுவைத்த நிர்வாகம், மூக்கு சற்றே திரும்பினாலும் மூச்சுத்திணறும் பொறி, சில நொடிகளுக்குள் செய்யப்பட்ட ஒரு திருத்தம் ஆகிய மூன்றும் முறுக்கிக்கொண்ட கயிறு அது. அதில் ஒரு புரியை மட்டும் உருவி எடுத்து, இதுவே கயிறு என்று காட்டியவர்களே இரு பக்கத்திலும் இருந்தனர்.

பெண் என்பதால் வீழ்ந்தார் என்ற பேச்சுக்கு நெடிய மறுமொழி தேவையில்லை. 1954 என்ற ஒரே ஆண்டில் அமெரிக்கக் கடற்படையும் அதன் கடற்சார் தரைப்படையும் விபத்துகளில் இழந்த விமானங்கள் 776. மாண்டவர்கள் 535 பேர். அந்த விமானங்களை ஓட்டியவருள் ஒருவரும் பெண் அல்லர். ஏனெனில் அக்கடற்படையில் முதற் பெண் விமானி தகுதிபெற்றது 1974 பிப்ரவரியில்தான். அவ்வாறு முதலாவதாகத் தகுதிபெற்ற பார்பரா ரெய்னி 1982 ஜூலை 13 அன்று, அலபாமாவில் மாணவர் ஒருவருக்குப் பறத்தல் பயிற்றுவிக்கையில் விமானம் வீழ்ந்து அம்மாணவரோடு உயிரிழந்தார். அவரும் ஆர்லிங்டனில்தான் துயில்கிறார்.

அந்த 1954 ஆம் ஆண்டின் கணக்கு நம் வினாவிற்கு வேறொரு வகையிலும் உதவுகிறது. ஆண்டுக்கு 776 என்ற அவ்வெண், பின்னர் வந்த பதின்மக் காலங்களில் பெரிதும் குறைந்துபோனது. சாய்ந்த இறங்குதளம் முதலிய பொறியியல் மாற்றங்கள் அதற்கு ஒரு காரணம். வீழ்ந்த ஒவ்வொரு விமானத்தின் கதையையும் ஒளிவுமறைவின்றி ஆராய்ந்து, கண்டறிந்ததை எல்லா விமானிகளுக்கும் பொதுவான நடைமுறை நூல்களில் எழுதிவைத்தது மற்றொரு காரணம். 1961 முதல் ‘நாட்டாப்ஸ்’ என்ற பெயரில் அந்நூல்கள் வழங்குகின்றன. அவற்றின் விதிகள் குருதியால் எழுதப்பட்டவை என்பது விமானிகளிடையே வழங்கும் பேச்சு. இந்த நிலையில் இந்த நெம்புகோலைத் தொடாதே, இந்த வேகத்திற்குக் கீழே வராதே என்று உணர்ச்சியின்றி ஒலிக்கும் பல வரிகளுக்குப் பின்னே, அதைத் தொட்ட ஒருவர், அந்த வேகத்திற்குக் கீழே வந்த ஒருவர் இருக்கிறார். அவருடைய பிழையை எவரும் எழுதாது விட்டிருந்தால் அடுத்தவரும் அதே இடத்தில் மாண்டிருப்பார்.

இவ்வாய்வுகளில் நாம் உற்றுநோக்கத் தக்க மரபு ஒன்று உண்டு. விபத்தின் காரணத்தை ஆராயும் குழுவினர் முன் ஒருவர் சொல்லும் சொற்கள் அவரைத் தண்டிக்கப் பயன்படுத்தப்பட மாட்டா என்று உறுதியளிக்கப்படுகிறது. தண்டனையும் பொறுப்பும் குறித்த சட்ட விசாரணை தனியே நடைபெறும். ‘நான் அந்தத் திருகாணியைச் சரியாக முடுக்கவில்லை’ என்று ஒரு பணியாள் அஞ்சாமல் சொல்லுவதற்கு ஓர் அறை வேண்டும். அந்த அறையின் கதவு மூடியிருக்கவும் வேண்டும். ஒப்புரவு அருட்சாதனத்தோடு இதனை ஒப்பிட நாம் துணியவில்லை. அது வேறு, இது வேறு. ஆயினும், தீர்ப்பிடுவதற்காகக் கேட்கப்படும் உண்மை ஒன்று, குணப்படுத்துவதற்காகக் கேட்கப்படும் உண்மை மற்றொன்று என்ற வேறுபாட்டை உலகியல் நிறுவனமொன்று தன் பட்டறிவால் கண்டுகொண்டது வியப்புக்குரியது. ஹல்ட்கிரீனின் விஷயத்தில் நிகழ்ந்தது என்னவெனில், மூடிய அறைக்குள் உயிர்களைக் காக்கச் சொல்லப்பட்ட உண்மை வெளியே இழுத்து வரப்பட்டு, வீதியில் கல்லாக எறியப்பட்டது.

நம் மறையின் அறநெறியாளர் இதற்குத் துல்லியமான பெயர் வைத்திருக்கின்றனர். எட்டாம் கட்டளையை விளக்குகையில், 1992 ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபை மறைக்கல்வி இரண்டு குற்றங்களைப் பிரித்துக் காட்டுகிறது. ஒருவர் செய்யாததைச் செய்ததாகச் சொல்லுவது அவதூறு. அவர் செய்ததையே, தக்க காரணமின்றி, அறியாதாரிடம் பரப்புவது புறங்கூறல். பின்னது பொய்யன்று, முழு உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் அது குற்றமே. ‘நடந்ததைத்தானே சொன்னேன்’ என்ற சொல் நம் திண்ணைகளில் எவ்வளவு எளிதாக ஒலிக்கிறது! புனித தோமா அக்குவினார் புறங்கூறலைத் திருட்டினும் கொடியது என்று மதிப்பிட்டார். நற்பெயர் செல்வத்தினும் பெரிது என்பது அவர் காட்டிய காரணம். வள்ளுவரும் புறங்கூறாமையை இல்லறவியலில் ஓர் அதிகாரமாகவும், வாய்மையைத் துறவறவியலில் ஓர் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தார். ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடக் கூடாது என்பதை அவரும் அறிந்திருந்தார் போலும்.

ஆக, அளவுகோல் ‘உண்மையா, பொய்யா?’ என்பதோடு முடிந்துவிடுவதில்லை. யாரிடம், எதற்காக, எந்த இடத்தில் என்ற கேள்விகளும் அதில் அடங்கியுள்ளன. அடுத்து அத்தளத்தில் இறங்கப்போகும் இளம் விமானியிடம் ஹல்ட்கிரீன் எங்கே வழுவினார் என்று சொல்லுவது புறங்கூறலாகாது. சொல்லாமல் விடுவதே குற்றமாகும். அதே செய்தியைப் பெயரிடாமல் தொலைநகலில் அனுப்பிய கை, எந்த உயிரையும் காக்க எழுதவில்லை. ஒரு சாரார் மீண்டும் கதவடைக்க வேண்டும் என்பதற்காக அக்கை ஒரு பிணத்தைப் பயன்படுத்தியது. நம் தீர்ப்பு கடுமையானது என்று சிலர் கருதக்கூடும். பெயரிட அஞ்சிய ஒருவரிடம் மென்மை காட்ட நமக்குக் காரணம் புலப்படவில்லை.

எனினும் மறுபுறத்தையும் நாம் விட்டுவிடலாகாது. பொதுமக்களிடம் இயந்திரத்தை மட்டும் முன்னிறுத்திப் பேசிய கடற்படை அதிகாரிகள் தீய நோக்கத்தோடு அவ்வாறு செய்தனர் என்று நாம் எண்ணவில்லை. இறந்த தோழரின் பெயரைக் காக்கவேண்டும், அவருக்குப் பின்னே வரும் பெண்களின் வழியை அடைத்துவிடக் கூடாது என்ற பரிவும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் அப்பரிவு அவருக்கு நன்மை செய்யவில்லை. பாதி உண்மை வெளியே நின்றதால், மறுபாதி கசிந்தபோது அது இருமடங்கு பெரியதாய்த் தோன்றிற்று. பிழை செய்த விமானி என்பதோடு, பிழை மறைக்கப்பட்ட விமானி என்ற பெயரும் அவருக்குச் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான விமானிகளுக்கு நேர்ந்த சாதாரண மனிதப் பிழை ஒன்று, ஒளித்துவைக்கப்பட்டதாலேயே மானக்கேடாக மாறியது. தமக்குத் தரத்தைத் தாழ்த்தாதீர்கள் என்று கேட்டவருக்கு, மரணத்திற்குப் பின் தரம் தாழ்த்தப்பட்டது. ஓர் ஆண் விமானி அவ்வாறு வீழ்ந்திருந்தால் அவருடைய பிழையை இவ்வளவு பயத்தோடு யாரும் கையாண்டிருக்க மாட்டார்கள்.

அப்படியாயின் இரங்கலுரையிலும் பிழைகளைப் பட்டியலிட வேண்டுமா என்று வாசகர் வினவலாம். திருநூல் இதற்கு அழகிய விடை தருகிறது. கில்போவா மலையில் சவுலும் யோனத்தானும் மடிந்த செய்தி கேட்டுத் தாவீது பாடிய புலம்பல், சாமுவேல் இரண்டாம் நூலின் முதல் அதிகாரத்தில் உள்ளது. தம்மை ஈட்டியால் குத்த முயன்ற, காடு மலையெங்கும் துரத்திய சவுலைப் பற்றி அப்புலம்பலில் ஒரு குறையேனும் இல்லை. வீரமும் அன்புமே உண்டு. ஆனால் சவுலின் கீழ்ப்படியாமையையும் பொறாமையையும் சூனியக்காரியிடம் சென்றதையும் ஒன்றுவிடாமல் எழுதிவைத்திருப்பதும் சாமுவேல் நூலே. புலம்பலைத் திருத்தி வரலாறாக்க யாரும் முனையவில்லை. புலம்பலுக்காக வரலாற்றை அழிக்கவும் யாரும் முனையவில்லை. இரண்டும் ஒரே கட்டில், அடுத்தடுத்த ஏடுகளில், தத்தம் இடத்தில் இருக்கின்றன. கல்லறையருகே பேசவேண்டியதை விசாரணை அறையிலும், விசாரணை அறையில் பேசவேண்டியதைக் கல்லறையருகேயும் பேசும்போதுதான் இரண்டும் கெடுகின்றன.

புனித அகுஸ்தினாரின் நடத்தை இன்னும் நுட்பமானது. தம் தாய் மோனிக்காவின் மரணத்தை எழுதும் ‘அறிக்கைகள்’ ஒன்பதாம் பகுதியில், அன்னையின் கண்ணீரையும் பொறுமையையும் எழுதுவதற்கு முன்பாகவே, சிறுமியாயிருந்தபோது அவர் திருட்டுத்தனமாகத் திராட்சை மது அருந்தப் பழகிய கதையை எழுதுகிறார். பீப்பாயிலிருந்து மது எடுத்துவர அனுப்பப்பட்டவர், முதலில் உதட்டால் சுவைத்து, நாளடைவில் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கலானாராம். வேலைக்காரச் சிறுமி ஒருத்தி சண்டையின்போது ‘குடிகாரி’ என்று ஏசினாள். அந்தச் சொல் தைக்கவே மோனிக்கா அன்றோடு அதை விட்டார். இதைச் சொல்லும் அகுஸ்தினார் அவ்வேலைக்காரியைப் புகழவில்லை. அவள் புண்படுத்தவே விரும்பினாள், குணப்படுத்த விரும்பவில்லை. நன்மை விளைந்தது இறைவனால் என்று பிரித்துச் சொல்லுகிறார். உண்மையைச் சொன்னவள் என்பதற்காகச் சொன்ன நோக்கத்தை அவர் மன்னித்துவிடவில்லை. கெட்ட நோக்கத்தோடு சொல்லப்பட்டது என்பதற்காக உண்மையை மறைக்கவும் இல்லை. தாயின் குறையைச் சொன்ன அதே பகுதியின் இறுதியில், அவருடைய பாவங்களுக்காக மன்றாடி, தம் நூலைப் படிக்கும் அனைவரும் பீடத்தருகே அவரை நினைவுகூர வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறார். குறையே இல்லாதவர் என்று சாதித்திருந்தால், மன்றாட்டுக்கு அங்கே இடமேது? நவம்பர் மாதந்தோறும் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும் நாம், மரித்தோர் பிழையற்றவர் என்று நம்பியா ஏற்றுகிறோம்?

ஹல்ட்கிரீனைப் பொறுத்தவரை, இவ்விரண்டையும் சேர்த்துச் செய்தவர் அவருடைய தாயார் சாலி ஸ்பியர்ஸ். அவர் ஒரு வழக்கறிஞர். மகளைப் பற்றிய முணுமுணுப்புகள் பெருகியபோது, மகளின் பயிற்சிப் பதிவேடுகளை அவரே பத்திரிகைகளின் முன் வைத்தார். அவற்றில் தம்முடன் தேறிய எழுவருள் மகள் மூன்றாமிடம் பெற்றதும் இருந்தது. கப்பலில் இறங்கும் தேர்வில் முதன்முறை தோற்றதும் இருந்தது. அத்தோல்வியை எடுத்துவிட்டு மீதியைக் கொடுக்கும் உரிமை உலகில் ஒருவருக்கு உண்டென்றால் அது ஒரு தாய்க்கே உண்டு. அவர் அவ்வாறு செய்யவில்லை. பின்னர் 1998 ஆம் ஆண்டில் மகளின் வாழ்வையும் சாவையும் பற்றி நூல் ஒன்றையும் எழுதி வெளியிட்டார். அதன் தலைப்பில் இடம்பெற்றிருப்பது, தோழர்கள் கேலியாக வைத்த அந்த ‘ரெவ்லான்’ என்ற பெயர்தான்.